'அனைவரும் வருக' என்றால் யார் யார்? வளாகத்துப் பேருரைகளும் கலைவிழாக்களும்: ஒரு விளக்கம்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு முகநூலைத் திறப்பவருக்குப் பல்கலைக்கழக வளாகங்களின் அழைப்பிதழ்கள் பழகிப்போன காட்சி. ஒரு நாள் நினைவுப் பேருரை, இன்னொரு நாள் சர்வதேச ஆய்வு மாநாடு, அடுத்த கிழமை ஆற்றுகை, அப்புறம் கலைவிழா, நூல் அறிமுகம். எல்லாவற்றுக்கும் அடியில் 'அனைவரும் வருக' என்று ஒரு வரி. செங்கலடியில் கடை வைத்திருப்பவரோ களுவாஞ்சிகுடியில் ஓய்வுபெற்ற ஆசிரியரோ அதைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: "நம்மளையும் உள்ளுக்கு விடுவாங்களாகா?"

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் இல்லை. அது என்ன வகை நிகழ்வு, யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, எந்த மொழியில் பேசுவார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அடியிலிருந்தே பார்ப்போம்.

சொல் குழப்பத்தை முதலில் தீர்ப்போம்

மானிடவியல், மானுடவியல், மனிதப் பண்பியல் என்று மூன்று சொற்கள் செய்திகளில் மாறி மாறி வருகின்றன. மனிதப் பண்பியல் என்பது மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம், நாடகம், இசை, ஓவியம் போன்ற துறைகளின் பொதுப்பெயர். மனிதர்கள் எதை எழுதினார்கள், பாடினார்கள், ஆடினார்கள், அதற்கு என்ன பொருள் என்று கேட்கிற படிப்பு அது. பொருளியல், புவியியல், சமூகவியல் முதலியவை சமூக விஞ்ஞானங்கள். மானிடவியல் (மானுடவியல் என்பதும் இதுவே) வேறு. ஒரு சமூகத்தோடு தங்கியிருந்து அதன் உறவுமுறையையும் சடங்குகளையும் ஆராயும் தனித்துறை அது. 'மானிடவியல் மாநாடு' என்று பதாகை கட்டிவிட்டு உள்ளே சங்க இலக்கியக் கட்டுரை வாசித்தால், சொல் இடம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிகழ்வுகளின் பெயர்களிலும் இதே குழப்பம் உண்டு. பெயரைப் பிரித்துப் பார்த்தாலே வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

1. நினைவுப் பேருரை: மறைந்த ஒருவரின் பெயரால், ஒரே ஒருவர், ஒரு மணித்தியாலம் அளவில் பேசுவது. பெரும்பாலும் உரை சிறு நூலாக அச்சாகி வாசலில் கையில் கிடைக்கும். உண்மையிலேயே பொதுமக்களுக்கென்று ஏற்பட்ட வடிவம் இதுதான்.

2. ஆய்வு மாநாடு: பல மாதங்களுக்கு முன்பே ஆய்வுச் சுருக்கம் கேட்டு, அதை மதிப்பீட்டாளர்கள் பார்த்து, தேர்வானவர்கள் பதிவுக் கட்டணம் கட்டி வாசிப்பது. ஒருவருக்குக் கால் மணித்தியாலம் கிடைத்தால் பெரிது. பொதுமக்கள் தாராளமாகப் போகக்கூடியது தொடக்க அமர்வு மட்டும்தான்.

3. ஆதார சுருதி உரை: அந்தத் தொடக்க அமர்வில் வருகிற முதன்மை உரை. சங்கீதத்திலிருந்து எடுத்த நல்ல சொல். அதற்குப் பிறகு வருகிற அமர்வுகள் அந்தச் சுருதியில் பாடுகின்றனவா என்பது வேறு கதை.

4. செயலமர்வு: செய்து பழகுவது. இருபது முப்பது பேருக்கு மேல் தாங்காது. பெயர் பதிந்தவர்களுக்கே இடம்.

5. ஆற்றுகை: நாடகம், கூத்து, இசை, நடனம் ஆகியவற்றை ஆடிக் காட்டுவது. ஆடி முடிந்ததும் கலந்துரையாடல் இருக்கும். நம் ஊர்ச் சனம் அதிகம் வருவது இதற்குத்தான்.

6. கலைவிழா: மாணவர் ஒன்றியமோ ஒரு துறையின் மாணவர் மன்றமோ நடத்துவது. அழைப்பிதழ் எப்படி இருந்தாலும் இது வீட்டுக் கொண்டாட்டம் போல. பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் இடமுண்டு, முன்பின் தெரியாதவர் கொஞ்சம் சங்கடப்படுவார்.

மூன்று வளாகங்கள்

வந்தாறுமூலையில் 1981 ஆகஸ்டில் தொடங்கியது மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி. மத்திய மகா வித்தியாலயம் இருந்த இடம் அது. 1986 ஒக்டோபர் 1 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. முதலில் வந்தவை விஞ்ஞானமும் விவசாயமும். கலைத்துறைகள் பின்னால் சேர்ந்தவை. நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர்.

கல்லடியில் இருப்பது சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. நகரத்தோடு ஒட்டிய இடம், பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். ஆற்றுகை பார்க்கக் கூட்டம் சேர்வதற்கு இந்த ஒரு காரணமே பாதி.

ஒலுவிலில் இருப்பது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். போர்க்காலத்தில் மற்ற வளாகங்களுக்குப் போய்ப் படிக்க முடியாமற்போன முஸ்லிம் மாணவர்களின் தேவையை முன்வைத்து, முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமானது. கலை கலாசார பீடத்தோடு இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அறபு மொழிக்குமான தனிப் பீடமும் அங்கே உண்டு. அதனால் ஒலுவிலின் பண்பாட்டு நிகழ்வுகளில் கோலடித்து ஆடும் பொல்லடியும் நாட்டார் கவியும் ரபான் மேளமும் இயல்பாகவே இடம்பெறும்.

வந்தாறுமூலை வளாகத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990 இல் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தார்கள். செப்டம்பர் 5 இல் படையினர் அங்கிருந்து பிடித்துச் சென்ற 158 பேர் திரும்பி வரவே இல்லை. பக்கத்து ஊர்களில் சில குடும்பங்களுக்கு 'வளாகம்' என்ற சொல் முதலில் நினைவூட்டுவது விரிவுரை மண்டபத்தை அல்ல. சனம் ஏன் கேற்றடியில் தயங்கி நிற்கிறது என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

களரி மேடைக்கு வந்த கதை

கிழக்கில் வளாகப் பண்பாட்டு நிகழ்வு என்றால் கூத்து இல்லாமல் பேச முடியாது. ஆனால் கூத்துக்கும் பல்கலைக்கழகத்துக்குமான உறவு தொடங்கியது பேராதனைப் பல்கலைக்கழகத்தில்.

1956 இல் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மரபுக் கூத்திலிருந்து 'மனமே' நாடகத்தை உருவாக்கினார். தமிழில் இதுபோல ஏன் செய்ய முடியாது என்ற கேள்வியோடு பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் பக்கம் திரும்பினார். 1962 இல் கர்ணன் போர் பேராதனை மாணவர்களால் மேடையேறியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை வந்தன. மட்டக்களப்பிலிருந்து போய் அங்கே மாணவராக இருந்து ஆடியவர்களில் ஒருவர் சி. மௌனகுரு. பின்னாளில் அவரே பேராசிரியராகி, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத்துறையை வளர்த்தார். மார்ச் 27 உலக நாடக தினத்தை ஒட்டிய நாடக விழாக்கள் மட்டக்களப்பில் வேர்விட்டதற்கு அந்தத் துறையே பெரிய காரணம்.

ஊரில் இருந்த கூத்து மேடைக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஊரில் கூத்து வட்டக்களரியில் ஆடப்படும். சுற்றிவரச் சனம். நடுவில் மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார், பக்கத்தில் பிற்பாட்டுக்காரர். ஆடுபவர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். ஆக, கூத்தின் மையம் அண்ணாவியார். அவர் ஓர் அடி தவறினால் களரி முழுக்கத் தெரியும். மண்டபத்து மேடை அப்படியல்ல, அது படத்துக்குப் போட்ட சட்டம் போல. பார்வையாளர் ஒரு பக்கம் மட்டும். அண்ணாவியார் நடுவில் நின்றால் ஆடுபவரை மறைப்பார். அதனால் அவர் ஓரத்துக்குப் போனார். வட்டமாக ஆடியவர்கள் முன்னுக்குப் பார்த்து ஆடப் பழகினார்கள். விடிய விடிய நடந்தது ஒன்றரை, இரண்டு மணித்தியாலமாகச் சுருங்கியது. வடமோடி வகைக் கூத்தின் கனத்த உடையான கரப்புடுப்பின் பாரத்தோடு ஒரு அரசன் தன் வரவை ஆடி முடிக்கவே ஊரில் எடுக்கும் நேரத்தில், மேடையில் கதை பாதி முடிந்திருக்கும்.

இது கூத்தைக் காப்பாற்றியதா, வெட்டியதா? இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 'நாட்டுக்கூத்து' என்று ஒதுக்கிய படித்த வட்டாரம் அதை எழுந்து நின்று பார்த்தது இந்த மேடையால்தான். பாடத்திட்டத்துக்குள் கூத்து நுழைந்ததும் இந்த வழியால்தான். மறுபக்கத்தில், 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரை அண்டிய சீலாமுனையில் கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சி. ஜெயசங்கரும் அவரது மூன்றாவது கண் குழுவினரும் வேறொரு பாதையைத் தேர்ந்தார்கள். 'கூத்து மீளுருவாக்கம்' என்று அதற்குப் பெயர். கூத்தை மண்டபத்துக்குக் கொண்டுவராமல், ஊரிலேயே, ஊர்க் கலைஞர்களோடு, அதே களரியில் வைத்து, பெண்களையும் ஒடுக்கப்பட்டோரையும் இழிவுபடுத்தும் இடங்களை ஊராரோடு பேசித் திருத்தி ஆடுவது. பல்கலைக்கழகத்துக்காரர் ஊருக்குப் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இந்த இரண்டு பாதைகளும் இன்றைய அழைப்பிதழ்களில் கலந்தே கிடக்கின்றன. 'கூத்து ஆற்றுகை' என்று போட்டிருந்தால் ஒரு மணித்தியால மேடை வடிவமா, முழுக் கூத்தா, மாணவர் ஆடுகிறார்களா, ஊர்க்காரரா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. விடியும் வரை பார்க்கலாம் என்று பாயோடு போய் ஏமாந்தவர்கள் உண்டு.

ஊர்க் கூத்துக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. சட்டம் கொடுத்தல், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானிப்பது; மாதக்கணக்கில் பழகுவது; சதங்கை அணிதல்; கிழமைக் கூத்து, அதாவது வாராவாரம் ஆடிப் பார்ப்பது; அடுக்குப் பார்த்தல், அதாவது முழு ஒத்திகை; அப்புறம்தான் அரங்கேற்றம். ஒவ்வொரு படியிலும் ஊர் கூடும், குறை சொல்லும், சாப்பிடும். வளாகத்துக்கு வருவது கடைசிப் படி மட்டும். கனி வந்தது, மரம் ஊரில் நிற்கிறது. இந்த வேறுபாட்டை மாணவருக்குச் சொல்லாமல் ஆடவிடுகிற துறை பாதி வேலைதான் செய்கிறது என்பது என் கருத்து.

பறைமேளக் கூத்தில் இது இன்னும் சிக்கல். சாதி இழிவு ஒட்டிக்கொண்ட கலை என்பதால் அதை விட்டு விலக நினைக்கிற குடும்பங்கள் உண்டு. வளாகத்தில் பொன்னாடை, கைதட்டல். ஊருக்குத் திரும்பினால் பழைய பார்வை. மேடையில் கிடைத்த மரியாதை தெருவரை போகிறதா என்பதைப் பேருரைகள் அதிகம் பேசுவதில்லை.

பேச்சு நூலாவதும் ஒரு மரபுதான்

பொதுவுரை நமக்குப் புதிதில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) மதுரைத் தமிழ்ச் சங்க விழாவில் நாடகத் தமிழ் பற்றிப் பேசிய பேச்சு விரிந்துதான் 1926 இல் 'மதங்க சூளாமணி' ஆனது. பழந்தமிழ் நரம்புக் கருவியான யாழ் பற்றிய அவருடைய ஆராய்ச்சி, 'யாழ் நூல்', 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியபோது, ஆராய்ந்து மீட்டெடுத்த யாழ்களை அங்கேயே வாசித்தும் காட்டினார்கள். ஆய்வும் ஆற்றுகையும் ஒரே மேடையில், கோயிலுக்கு வந்த சனத்தின் முன்னால். அடுத்த மாதம் 19 ஆம் திகதி சுவாமி காலமானார். சமாதி கல்லடி உப்போடையில். ஆகவே 'ஆய்வு என்றால் மண்டபத்துக்குள், கலை என்றால் வெளியில்' என்ற பிரிவினை நம் மரபில் எழுதப்பட்டதில்லை.

ஓர் உரை அழைப்பிதழாகும் வரை

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி பல்கலைக்கழகத்தின் நிறைவேற்று அதிகாரம் பேரவையிடமும், கற்பித்தலும் பரீட்சையும் போன்ற கல்விசார் விடயங்கள் மூதவையிடமும் இருக்கின்றன. பீடத்துக்குப் பீடச் சபை. அதன் தலைவர் பீடாதிபதி. ஒரு துறை பேருரை நடத்த நினைத்தால் துறைக் கூட்டத்தில் பேசி, பீடாதிபதி வழியாக மேலே போகும். பேச்சாளர் யார், மண்டபம் எது, செலவு எவ்வளவு, எந்த வாக்கிலிருந்து, அதாவது எந்தச் செலவுத் தலைப்பிலிருந்து என்று எழுத வேண்டும். காசு நிதியாளர் பிரிவு வழியாகத்தான் வெளிவரும். கேள்விப்பத்திரம், மூன்று விலைக்கூற்று, வவுச்சர். ஐம்பது பேருக்குப் பிளேன்டீயும் வடையும் வாங்குவதற்கும் கடதாசி வேண்டும்.

மாணவர் மன்றங்களுக்கு ஒரு சிரேஷ்ட பொருளாளர் இருப்பார், விரிவுரையாளர்களில் ஒருவர். அவருடைய கையொப்பம் இல்லாமல் பணம் நகராது. இரவு நிகழ்வு என்றால் பாதுகாப்புப் பிரிவு, மாணவர் விடுதி நேரம், போக்குவரத்து எல்லாம் சேரும். ஆற்றுகைகள் பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கி இருட்டுமுன் முடிகிற மர்மம் இதுதான். கலைக்கு வெயில் பிடிக்கும் என்பதால் அல்ல.

அனுசரணை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வங்கி, தூதரகம், அரசசார்பற்ற நிறுவனம், பழைய மாணவர், பேருரை யார் பெயரால் நடக்கிறதோ அவருடைய குடும்பம். பதாகையின் கீழ்வரியைப் பார்த்தால் தெரியும்.

ஏன் இப்போது இத்தனை நிகழ்வுகள்?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

1. தர மீளாய்வு. பல்கலைக்கழகங்களை மதிப்பிடுவதற்கு 2015 இல் வந்த கைநூலில் 10 அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சமூக ஈடுபாடும் வெளித்தொடர்பும். மீளாய்வுக் குழு வந்தால் சான்று கேட்கும். அழைப்பிதழ், புகைப்படம், வருகைப் பதிவு எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். குத்துவிளக்கேற்றும் படங்கள் இத்தனை எடுக்கப்படுவதன் இரகசியம் பாதி இங்கே இருக்கிறது.

2. பதவி உயர்வு. பேராசிரியர் பதவிக்கான புள்ளித்திட்டம் கற்பித்தல், ஆய்வும் படைப்பும், அறிவுப் பரவலாக்கமும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்குமான பங்களிப்பும் என்று பிரிந்திருக்கிறது. மாநாட்டில் கட்டுரை வாசித்தால் புள்ளி. ஆங்கிலத்தில், மதிப்பீடு செய்யப்பட்ட சஞ்சிகையில் வந்தால் கூடுதல் கனம். செட்டிபாளையம் நூலகத்தில் ஐம்பது பேருக்குத் தமிழில் பேசுவதற்கு அதே கனம் கிடைப்பதில்லை. விரிவுரையாளர்கள் எங்கே உழைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

3. நிஜமான தேவை. அண்ணாவிமார் வயதாகிப் போகிறார்கள். கூத்துப் பாடல் எழுதிய ஏடுகள் கறையானுக்குப் போகின்றன. போரும் 2004 கடல்கோளும் வீடுகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோயின. பதிவு செய்யாவிட்டால் போய்விடும் என்ற பதற்றம் பொய்யில்லை.

முதல் இரண்டு காரணங்கள் நிகழ்வின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. மூன்றாவதற்குத் தேவைப்படுவது எண்ணிக்கை அல்ல, பொறுமை. நிகழ்வு நடந்தும் ஊருக்கு ஒன்றும் வந்து சேராததாகத் தோன்றுவது இந்த இழுபறியால்.

'பொது' எங்கே இடறுகிறது

வாசல். கேற்றடியில் ஒரு பெரிய வரிக் கொப்பி இருக்கும். பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், யாரைப் பார்க்க, உள்ளே போன நேரம், வெளியேறிய நேரம். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில்தான் பொதுமகன் மாட்டிக்கொள்வார். அவர் யாரையும் பார்க்க வரவில்லை, பேச்சுக் கேட்க வந்திருக்கிறார். அதற்குக் கட்டம் இல்லை. பாதுகாப்பு உத்தியோகத்தருக்கு முதல் நாளே நிகழ்வு விபரம் போயிருந்தால் 'நல்லையா மண்டபம், நேரா போங்க' என்று அனுப்பிவிடுவார். போகாவிட்டால் துறைக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே எல்லோரும் மண்டபத்தில் இருப்பதால் யாரும் எடுக்காமல், வந்தவர் திரும்பிப் போவார். போக நினைப்பவர்கள் அடையாள அட்டையையும் அழைப்பிதழின் படத்தையும் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு போவது பயன்படும்.

நேரம். வேலைநாள் காலை ஒன்பதரை என்றால் வருவது மாணவரும் உத்தியோகத்தரும்தான். மாணவரை வருகைப் பதிவோடு இருத்தி மண்டபத்தை நிரப்பிவிட்டால் 'பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்' என்று செய்தி போகும். பெரும்போக விதைப்புக் காலமும் அறுவடைக் காலமும் வாவிக்கு மேற்கே வயல் பக்கத்துப் படுவான்கரைக்காரருக்கு ஒத்துவராது. மார்கழி வெள்ளத்தில் பாதையே இருக்காது. ஒலுவிலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் நோன்பு மாதமும் பார்த்தே திகதி வைக்க வேண்டும். பின்னேர நிகழ்வு என்றால் மஃரிப்புக்கு இடைவெளி வேண்டும். ஊர் அறுவடைக்குப் பிறகே கூத்தாடும். ஊருக்குத் தெரிந்த பஞ்சாங்கம் பீட நாட்காட்டிக்கும் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மொழி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 இல் அக்கரைப்பற்றில் கள ஆய்வைத் தொடங்கினார். இந்தக் கரையின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான தாய்வழிக் குடிமுறையை ஆராய்ந்து எழுதியவர். அந்த ஆய்வின் பெரும் நூல் 2008 இல் ஆங்கிலத்தில் வந்தது. குடி என்பது இங்கே புத்தகச் சொல் அல்ல. கோயில் நிர்வாகியான வண்ணக்கர் எந்தக் குடி, பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காயர் எந்தக் குடி, பெண் கொடுக்கலாமா கூடாதா, திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்று எல்லாம் அதில் தொங்கும். இதே பொருளில் ஒரு மாநாட்டு அமர்வு ஆங்கிலத்தில் நடந்தால், அந்தக் குடிமுறைக்குள் வாழ்ந்து வழக்குத் தீர்த்த வண்ணக்கர் பின்வரிசையில் இருந்து ஸ்லைட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்ததில் ஒரு பங்குகூட ஸ்லைட்டில் இருக்காது. ஸ்லைட்டில் இருப்பது அவருக்குப் புரியாது.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வெளியூர் அறிஞர் வருவார், சிங்கள மாணவர்களும் இருக்கிறார்கள், அம்பாறையில் மும்மொழியும் தேவைதான். ஆனால் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் அச்சடித்து வாசலில் கொடுப்பதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. கேள்வி நேரத்தில் தமிழில் கேட்கலாம் என்று தலைவர் ஒரு வசனம் சொன்னாலே மண்டபத்தின் முகம் மாறும்.

பஸ். வந்தாறுமூலை திருகோணமலை வீதியில்தான் இருக்கிறது, பகலில் பஸ் பிரச்சினை இல்லை. இரவில் முடிந்தால் சொந்த வாகனம் இல்லாதவர் வரமாட்டார். முடிகிற நேரத்துக்கு நகரம் வரை ஒரு பல்கலைக்கழக பஸ் விட்டால் போதும். கல்லடியில் கூட்டம் கூடுவது கலை அங்கே உயர்ந்தது என்பதால் மட்டும் இல்லை, வீட்டுக்கு நடந்து போகலாம் என்பதாலும்தான்.

அண்ணாவியாருக்கு என்ன கிடைக்கிறது?

பேருரையாளருக்குப் போக்குவரத்துச் செலவு, தங்குமிடம், நினைவுச் சின்னம். ஆற்றுகைக்கு வந்த ஊர்க் குழுவுக்குப் பொன்னாடையும் சான்றிதழும் மதியப் பார்சலும். காசு கொடுப்பது நிதிப்பிரிவின் படிவங்களில் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லப்படும். படிவத்தில் 'வளவாளர்' என்றால் பட்டம் கேட்கும். அண்ணாவியாருக்கு ஐம்பது வருட மத்தளம் இருக்கிறது, பட்டம் இல்லை. சில துறைகள் 'வருகைதரு கலைஞர்' என்ற பெயரில் இதைச் சமாளிக்கின்றன. தேடினால் வழி இருக்கிறது.

காசைவிடச் சிக்கலானது பதிவு. மூன்று கமரா, இரண்டு ட்ரைபொட், மாணவர் எல்லோருடைய கைத்தொலைபேசி. மறுநாள் அது யூரியூப்பில் இருக்கும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதில் சில விடயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. பலருக்கு இது தெரியாது, அதனால் எண்ணிச் சொல்கிறேன்.

1. ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் தங்கள் ஆற்றுகையில் உரிமை உண்டு. அவர்களைக் கேட்காமல் பதிவு செய்து பரப்புவது அந்த உரிமையில் கைவைப்பது.

2. 24 ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளைப் பாதுகாக்கிறது. கூத்து, நாட்டார் பாடல் போன்றவற்றை வணிக நோக்கத்துக்காகவோ அவற்றின் மரபான சூழலுக்கு வெளியிலோ பிரதி செய்வதும் ஆற்றுகை செய்வதும் மாற்றியமைப்பதும் இதற்குள் வரும். நேரடிக் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் விலக்கு இருக்கிறது.

3. அப்படிப் பரப்பும்போது அது எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும்.

வகுப்பறையில் ஆடினால் விலக்கு. அதே ஆற்றுகையை அனுசரணையாளர் சின்னத்தோடு யூரியூப்பில் ஏற்றினால் அது கற்பித்தல்தானா என்று கேட்க இடமிருக்கிறது. மூன்றாவது விடயத்துக்கு வழக்கறிஞர்கூடத் தேவையில்லை, ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஆனாலும் 'கிராமியக் கலை நிகழ்வு' என்று தலைப்பிட்டு, எந்தக் கிராமம் என்று சொல்லாத காணொளிகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன.

நடைமுறையில் ஒரு துறை செய்யக்கூடியது: ஆடுவதற்கு முன் தமிழில் ஒரு பக்க ஒப்புதல் படிவம், அதை வாசித்துக் காட்ட ஒரு மாணவர். காணொளியின் தொடக்கத்தில் ஊர், அண்ணாவியார், ஏடு யாருடையது, ஆடியவர்கள் பெயர். முழுப் பதிவின் ஒரு பிரதி வளாக நூலகத்துக்கு. இன்னொரு பிரதி பென்ட்ரைவில், அந்த ஊர்க் கோயில் நிர்வாகத்தின் கையில். வெட்டித் தொகுத்த பன்னிரண்டு நிமிடக் காணொளியைக் கொடுத்து அனுப்பக் கூடாது. அண்ணாவியார் பிழைவிட்டு நிறுத்தி, அடியைத் திருத்திச் சொல்லிக் கொடுக்கிற இடம் அந்த வெட்டில் போயிருக்கும். அடுத்த தடவை கூத்துப் பழகும்போது ஊர்ப் பொடியன்களுக்குத் தேவைப்படுவது அந்த இடம்தான்.